ஸ்மார்ட்வாட்ச் சொல்லும் தூக்கக் கணக்கு: அளந்தது எவ்வளவு, ஊகித்தது எவ்வளவு?

காலையில் கைப்பேசியைத் திறந்தால் "தூக்க மதிப்பெண் 64, ஆழ்ந்த தூக்கம் 41 நிமிடம்" என்று திரை சொல்கிறது. அதே இரவில் மறு கையில் வேறொரு நிறுவனத்தின் பட்டையையும் அணிந்திருந்தால், அது ஆழ்ந்த தூக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் என்று காட்டவும் கூடும். உடல் ஒன்று, இரவும் ஒன்று, கணக்கு மட்டும் இரண்டு. இதற்கிடையே, தூக்கத்தில் மூச்சு தடைபடுவதற்கான அறிகுறிகளைக் கண்டு எச்சரிக்கும் வசதிக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் சாம்சங்குக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிளுக்கும் அனுமதி அளித்தது. அப்படியானால் இந்தக் கருவிகள் மருத்துவக் கருவிகள் ஆகிவிட்டனவா? ஆகிவிட்டன என்றால், அதே கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணை மருத்துவர்கள் ஏன் பொருட்படுத்துவதில்லை?

திரையில் வரும் எண்கள் அனைத்தும் ஒரே தரத்தவை அல்ல என்பதில்தான் இந்தக் குழப்பத்தின் வேர் இருக்கிறது. சில எண்கள் நேரடியாக அளக்கப்பட்டவை. சில, அளந்ததிலிருந்து கணக்கிடப்பட்டவை. சில, கணக்கிட்டதிலிருந்து ஊகிக்கப்பட்டவை. ஆனால் எல்லாமே ஒரே எழுத்தளவில், ஒரே உறுதியுடன் காட்டப்படுகின்றன. எந்த எண் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்தறிவதற்கு, தூக்கத்தை ஆய்வகத்தில் எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தூக்கத்தை அளப்பது என்றால் என்ன

தூக்கம் மூளையில் நிகழும் ஒரு மாற்றம். ஆகவே அதன் நிலைகளும் மூளையின் மின் அலைகளை வைத்தே வரையறுக்கப்பட்டுள்ளன. தலைமேல் மின்முனைகளை ஒட்டி அந்த அலைகளைப் பதிவு செய்யும் ஈ.ஈ.ஜி. முறையை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் வெளியிட்டார். தூங்குபவரின் கண்கள் மூடிய இமைகளுக்குள் வேகமாக அசையும் கட்டங்கள் இருப்பதை 1953-இல் அசெரின்ஸ்கியும் கிளெய்ட்மனும் விவரித்தார்கள்; பெரும்பாலான கனவுகள் வரும் அந்தக் கட்டத்தை ஆர்.இ.எம். தூக்கம் என்கிறோம். 1968-இல் இந்த நிலைகளைப் பிரித்துக் குறிப்பதற்கான பொது விதிகள் தொகுக்கப்பட்டன. 2007-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் அவற்றைத் திருத்தி, இன்று வழக்கத்தில் உள்ள வகைப்பாட்டைக் கொண்டுவந்தது: லேசான தூக்கத்தின் இரண்டு நிலைகள், ஆழ்ந்த தூக்கம், ஆர்.இ.எம். தூக்கம்.

ஆய்வகத்தில் ஓர் இரவு தங்குபவரின் தலை, கண் ஓரம், தாடை ஆகிய இடங்களில் மின்முனைகள் ஒட்டப்படுகின்றன. மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டைகள், விரலில் ஆக்சிஜன் அளவி, மார்பில் ஈ.சி.ஜி. ஆகியவையும் சேர்கின்றன. இந்த முழுப் பதிவுக்குப் பாலிசோம்னோகிராபி என்று பெயர். மறுநாள், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த இரவின் பதிவு முழுவதையும் 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு நிலையைக் குறிக்கிறார்.

இதிலும் ஓர் எல்லை உண்டு. ஒரே பதிவை இரண்டு நிபுணர்களிடம் கொடுத்தால், ஏறத்தாழ ஐந்தில் நான்கு துண்டுகளில்தான் அவர்கள் ஒத்துப்போகிறார்கள். விழிப்பு, ஆர்.இ.எம். போன்றவற்றில் கருத்து வேற்றுமை குறைவு. லேசான தூக்கத்தின் தொடக்க நிலையில் மிக அதிகம். கடிகாரத்தை எந்த உரைகல்லில் தேய்த்துப் பார்க்கிறோமோ, அந்த உரைகல்லிலேயே இவ்வளவு இடைவெளி இருக்கிறது.

மணிக்கட்டில் உள்ள உணரிகள்

கைக்கடிகாரத்துக்கும் ஸ்மார்ட் மோதிரத்துக்கும் மூளை அலைகள் எட்டாது. அவற்றுக்குள் இருப்பவை பெரும்பாலும் இவைதாம்:

1. முடுக்கமானி. கை எந்தத் திசையில், எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை அறியும் நுண்ணிய சில்லு. அசைவையும் அசைவின்மையையும் இது நன்றாகவே அறியும்.

2. பச்சை ஒளி உணரி. தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை இது அளக்கிறது. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. ஒவ்வொரு இதயத்துடிப்பின்போதும் தோலடி நுண்குழாய்களில் ரத்தம் கூடுவதால் திரும்பும் ஒளி சற்றே குறைகிறது. அந்த ஏற்ற இறக்கமே நாடித்துடிப்பு.

3. சிவப்பு மற்றும் அகச்சிவப்பு ஒளி உணரிகள். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் சுமக்காத ஹீமோகுளோபினும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. அந்த விகிதத்திலிருந்து ரத்த ஆக்சிஜன் அளவு கணக்கிடப்படுகிறது.

4. தோல் வெப்பநிலை உணரி. எல்லாக் கருவிகளிலும் இது இல்லை.

ஆக, கருவி உண்மையில் அறிவது அசைவு, நாடி, ஒளி உறிஞ்சல், வெப்பம் ஆகிய நான்கை மட்டுமே. இவற்றுள் இரவு நேர நாடித்துடிப்பு மிகவும் நம்பத்தக்கது. பகலில் நடக்கும்போதும் ஓடும்போதும் கருவி தோலின் மீது நகர்ந்து ஒளியைக் கலைத்துவிடுகிறது. தூங்கும்போது கை பெரும்பாலும் அசையாமல் கிடப்பதால் அந்தக் கலைப்பு மிகக் குறைவு. பட்டை தளர்ந்திருந்தாலோ, கை குளிர்ந்து ரத்த ஓட்டம் குறைந்திருந்தாலோ, உணரிக்கு அடியில் பச்சை குத்தப்பட்டிருந்தாலோ மட்டும் அளவீடு கெடக்கூடும்.

நாடியிலிருந்து தூக்க நிலைக்கு எப்படிப் போகிறார்கள்

மூளையைப் பார்க்காமலே "ஆழ்ந்த தூக்கம் 41 நிமிடம்" என்று சொல்ல முடிவது, தூக்கத்தின் ஒவ்வொரு நிலையும் இதயத்திலும் மூச்சிலும் ஒரு தடத்தை விட்டுச் செல்வதால்தான். அந்த வழி இப்படிப் போகிறது.

1. ஆழ்ந்த தூக்கத்தில் உடலை அமைதிப்படுத்தும் நரம்புப் பிரிவின் கை ஓங்கியிருக்கும். இதயம் மெதுவாகவும் சீராகவும் துடிக்கும். மூச்சும் சீராக இருக்கும்.

2. ஆர்.இ.எம். தூக்கத்தில் இதயத்துடிப்பும் மூச்சும் ஒழுங்கு தவறி ஏறி இறங்கும். ஆனால் கைகால் தசைகள் ஏறக்குறைய செயலிழந்து கிடப்பதால் அசைவு மிகக் குறைவு.

3. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. எனவே நாடியின் இடைவெளிகளைக் கொண்டே மூச்சின் வேகத்தையும் கணக்கிட முடிகிறது.

4. ஆய்வகப் பதிவுக் கருவிகளோடு கடிகாரத்தையும் அணிவித்துப் பலரைத் தூங்கவைக்கிறார்கள். நிபுணர் குறித்த நிலைகளையும் கடிகாரத்தின் பதிவுகளையும் இணைத்து ஒரு மென்பொருளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். பிறகு அந்த மென்பொருள், தலையில் மின்முனை இல்லாத ஒருவரின் நாடியையும் அசைவையும் மட்டும் பார்த்து, நிபுணர் என்ன குறித்திருப்பார் என்று ஊகிக்கிறது.

நான்காவது படியில்தான் சிக்கல்கள் நுழைகின்றன. பயிற்சிக்குப் பயன்பட்டவர்கள் பெரும்பாலும் உடல்நலமுள்ள பெரியவர்களாக இருந்தால், அந்த மென்பொருள் அவர்களைப் போன்றவர்களுக்கே நன்றாகப் பொருந்தும். ரத்த அழுத்தத்துக்காகவோ இதயத்துக்காகவோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை உட்கொள்பவரின் இதயத்துடிப்பை அந்த மருந்தே மட்டுப்படுத்திவிடுகிறது. பேஸ்மேக்கர் பொருத்தியவரின் துடிப்பைப் பல நேரங்களில் அந்தக் கருவியே நிர்ணயிக்கிறது. இத்தகையோருக்குத் துடிப்புக்கும் தூக்க நிலைக்கும் உள்ள வழக்கமான தொடர்பு தளர்ந்துபோகிறது. ஆனால் திரையில் வரும் எண் அதே உறுதியுடன்தான் வருகிறது. நிறுவனம் மென்பொருளைப் புதுப்பிக்கும்போது கணக்கிடும் முறையும் மாறக்கூடும். ஒரு குறிப்பிட்ட வாரத்திலிருந்து ஆழ்ந்த தூக்கம் திடீரெனக் கூடியதாகவோ குறைந்ததாகவோ தெரிந்தால், உடலைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த வாரத்தில் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டதா என்று பார்ப்பது நல்லது.

இரண்டு கருவிகள் ஒரே இரவை வெவ்வேறாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். அவற்றின் நாடிக் கணக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த நாடியைப் படித்து ஊகிக்கும் மென்பொருள்கள்தாம் வேறு.

"90 விழுக்காடு துல்லியம்" என்பதன் பொருள்

விளம்பரங்களில் வரும் துல்லிய விழுக்காடு பலரை ஏமாற்றிவிடுகிறது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

ஒருவர் 480 நிமிடம் படுக்கையில் இருக்கிறார். அதில் 420 நிமிடம் தூங்குகிறார், 60 நிமிடம் விழித்துக் கிடக்கிறார். உள்ளே எந்த உணரியும் இல்லாத ஒரு போலிக் கருவி, இரவு முழுவதையும் "தூக்கம்" என்றே குறிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 480 நிமிடங்களில் 420 நிமிடம் அது சொன்னது சரி. அதன் துல்லியம் 87.5 விழுக்காடு! விழிப்பில் ஒரு நிமிடத்தைக்கூடக் கண்டுபிடிக்காத கருவிக்கு இவ்வளவு உயர்ந்த துல்லியம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்க வேண்டும். தூங்கும் நிமிடங்களில் எத்தனையைத் தூக்கம் என்று சரியாகப் பிடிக்கிறது? விழித்திருக்கும் நிமிடங்களில் எத்தனையை விழிப்பு என்று சரியாகப் பிடிக்கிறது? முதல் கேள்விக்கு இன்றைய கருவிகள் பலவும் மிக நல்ல விடையைத் தருகின்றன. இரண்டாவதில் அவை கணிசமாகப் பின்தங்குகின்றன; படுக்கையில் அசையாமல் விழித்துக் கிடப்பவரைத் தூங்குபவராகவே எண்ணிக்கொள்கின்றன.

இந்தப் பிழை எல்லோரையும் சமமாகத் தாக்குவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படுத்தவுடன் தூங்கிவிடுபவருக்கு விழித்திருக்கும் நிமிடங்களே குறைவு. எனவே பிழையும் சிறிது. தூக்கமின்மையால் அவதிப்படுபவரோ மணிக்கணக்கில் கண்ணை மூடி அசையாமல் படுத்திருக்கப் பழகியவர். அவருடைய இரவில்தான் கருவி அதிகம் தவறுகிறது. யாருக்குத் துல்லியம் மிகவும் தேவையோ அவருக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்பது இந்தத் தொழில்நுட்பத்தின் மிகப் பெரிய குறை. உடல்நலமுள்ளவர்களிடம் எடுத்த சராசரித் துல்லியத்தை மட்டும் வெளியிடும் நிறுவனங்கள் இந்தக் குறையை மறைத்துவிடுகின்றன.

ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று வந்தால்

கருவியின் பிழையை ஒதுக்கிவைத்தாலும், எண்ணைப் புரிந்துகொள்வதில் தவறுகள் நேர்கின்றன. ஓர் இரவில் ஏறத்தாழ 90 நிமிடச் சுழற்சிகள் நான்கிலிருந்து ஆறு வரை வருகின்றன. ஆழ்ந்த தூக்கத்தின் பெரும்பகுதி இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே முடிந்துவிடுகிறது, ஆர்.இ.எம். தூக்கம் விடியலை நோக்கி நீள்கிறது. எனவே வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்னதாக எழுந்தவர் இழப்பது பெரும்பாலும் ஆர்.இ.எம். தூக்கத்தையே.

பெரியவர்களுக்கு மொத்தத் தூக்கத்தில் பாதியளவு லேசான தூக்கத்தின் இரண்டாம் நிலையாக இருப்பது இயல்பு. "லேசான" என்ற பெயரைப் பார்த்து அதைப் பயனற்றதாக எண்ண வேண்டியதில்லை. வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறைவதும் இயல்பே. 60 வயதுக்காரர் தம் எண்ணை 25 வயது மகனின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை. இரவில் சில முறை சிறிது நேரம் விழிப்பதும் நோயன்று.

இதயத்துடிப்பு மாறுபாடும் ரத்த ஆக்சிஜனும்

நிமிடத்துக்கு 60 முறை இதயம் துடிக்கிறது என்றால் விநாடிக்கு ஒன்று என்று கடிகார முள்ளைப் போல் துடிக்கிறது என்று பொருளல்ல. ஓர் இடைவெளி 920 மில்லிவிநாடியாகவும், அடுத்தது 1,040 ஆகவும், அதற்கடுத்தது 980 ஆகவும் இருக்கும். இந்த வேறுபாட்டைச் சுருக்கித் தரும் எண்தான் எச்.ஆர்.வி. எனப்படும் இதயத்துடிப்பு மாறுபாடு. பொதுவாக, உடல் ஓய்ந்து அமைதியாக இருக்கும்போது இது கூடுகிறது. காய்ச்சல், மது, கடும் உழைப்பு, மன அழுத்தம் ஆகியவற்றால் குறைகிறது. ஆளுக்கு ஆள் இது பல மடங்கு வேறுபடுவதால், நண்பரின் 80-ஐப் பார்த்துத் தம்முடைய 35-க்காகக் கவலைப்படுவது வீண். தம்முடைய வழக்கமான 35, ஒரு வாரமாக 20-இல் நிற்கிறதென்றால் அதற்கு ஏதோ பொருள் இருக்கலாம்.

ரத்த ஆக்சிஜன் எண்ணில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மருத்துவமனையில் விரலில் மாட்டும் கருவி, ஒளியை விரலின் ஒரு புறத்திலிருந்து மறுபுறத்துக்குச் செலுத்தி அளக்கிறது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவொயாகி 1970-களில் உருவாக்கிய கொள்கை அது. மணிக்கட்டு அவ்வளவு மெல்லியதல்ல. எலும்பும் தசைநாரும் குறுக்கே நிற்கின்றன. எனவே கடிகாரம் தோலிலிருந்து திரும்பி வரும் ஒளியை மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. உடலின் எடை கையின் மீது அழுந்தினாலும், பட்டை தளர்ந்தாலும், ஆக்சிஜன் குறைந்ததாகப் பொய்யாகக் காட்டும்.

தோலின் நிறமும் இதில் குறுக்கிடுகிறது. விரலில் மாட்டும் மருத்துவமனைக் கருவிகளைப் பற்றி 2020-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயகரமாகக் குறைந்திருந்தும் கருவி இயல்பாகக் காட்டிய நிகழ்வுகள், வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்ததைக் கண்டது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இது குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. மருத்துவமனைக் கருவிக்கே இந்த நிலை என்றால், தோலிலிருந்து திரும்பும் ஒளியை நம்பும் கடிகாரத்தின் "97 விழுக்காடு" என்ற எண்ணை மட்டும் வைத்து, மூச்சுத்திணறலோடு இருக்கும் ஒருவர் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

அனுமதி எதற்கு, எதற்கு இல்லை

தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் கடிகாரத்துக்கு ஒட்டுமொத்தமாக அனுமதி அளிப்பதில்லை. அதில் உள்ள ஒரு குறிப்பிட்ட வசதிக்கு, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கு, குறிப்பிட்ட வயதினருக்கு என்று வரையறுத்தே அளிக்கின்றன. சாம்சங்கின் வசதி 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. அது பத்து நாள்களுக்குள் இரண்டு இரவுகளின் பதிவைக் கேட்கிறது. ஆப்பிளின் வசதியோ மணிக்கட்டின் நுண்ணிய அசைவுகளிலிருந்து மூச்சின் தடுமாற்றத்தைக் கணித்து, 30 நாள் பதிவுகளைத் தொகுத்துப் பார்க்கிறது. அதே கடிகாரங்களில் உள்ள தூக்க மதிப்பெண், உடலாற்றல் மதிப்பெண் போன்றவை "பொது நலவாழ்வு" வகையைச் சேர்ந்தவை. நோயைக் கண்டறிவதாக உரிமை கோராதவரை அவற்றுக்கு அத்தகைய அனுமதி தேவைப்படுவதில்லை. அவை எந்த எண்ணுக்கு எவ்வளவு எடை கொடுத்து உருவாக்கப்படுகின்றன என்பதை நிறுவனங்கள் முழுமையாக வெளியிடுவதும் இல்லை.

இந்த எல்லையைத் தாண்டும்போது மோதல் வருகிறது. தோலைத் துளைக்காமலேயே ரத்தச் சர்க்கரையை அளப்பதாகக் கூறும் கடிகாரங்களையும் மோதிரங்களையும் பயன்படுத்த வேண்டாம் என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. அப்படித் தானாகவே சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது அனுமதி அளித்திருக்கவில்லை. தவறான எண்ணை நம்பி இன்சுலின் அளவை மாற்றுபவரின் உயிருக்கே ஆபத்து என்பதால் இது வெறும் விதிமுறைச் சிக்கல் அல்ல. 2025 ஜூலையில், ரத்த அழுத்தத்தை மதிப்பிட்டுக் காட்டும் வசதிக்காக, மணிக்கட்டுப் பட்டை தயாரிக்கும் வூப் நிறுவனத்துக்கு அந்த நிர்வாகத்தின் எச்சரிக்கைக் கடிதம் சென்றது. அது நலவாழ்வு வசதிதான் என்பது நிறுவனத்தின் வாதம்; ரத்த அழுத்தம் என்பதே நோய் கண்டறிதலோடு பிரிக்க முடியாதது என்பது அப்போது நிர்வாகம் எடுத்த நிலை. இந்தக் கட்டுரையாளருக்கு இரண்டாவது நிலையே சரியென்று படுகிறது. 150 என்ற எண்ணைக் காட்டிவிட்டு அதை நோயோடு தொடர்புபடுத்திப் பார்க்காதீர்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

எச்சரிக்கை வந்தால் நோய் இருக்கிறதா

அனுமதி பெற்ற எச்சரிக்கைகூட நோய் உறுதியானதாகச் சொல்வதில்லை. இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறை எடுத்துக்கொள்வோம். இது பக்கவாத வாய்ப்பைக் கூட்டுவது. ஒரு கருவி இந்தக் கோளாறு உள்ளவர்களில் 90 விழுக்காட்டினரைச் சரியாகப் பிடிப்பதாகவும், இல்லாதவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மட்டும் தவறாக எச்சரிப்பதாகவும் கற்பனை செய்துகொள்வோம்.

1. கோளாறு அரிதாக உள்ள இளையோர் 10,000 பேர்; அவர்களில் 20 பேருக்குக் கோளாறு. கருவி 18 பேரைப் பிடிக்கிறது. மீதி 9,980 பேரில் ஏறத்தாழ 200 பேருக்குத் தவறான எச்சரிக்கை போகிறது. எச்சரிக்கை பெற்ற 218 பேரில் உண்மையில் கோளாறு உள்ளவர்கள் 18 பேர், அதாவது 8 விழுக்காடு.

2. கோளாறு அதிகமாக உள்ள முதியோர் 10,000 பேர். அவர்களில் 500 பேருக்குக் கோளாறு. கருவி 450 பேரைப் பிடிக்கிறது. 190 பேருக்குத் தவறாக எச்சரிக்கிறது. எச்சரிக்கை பெற்ற 640 பேரில் கோளாறு உள்ளவர்கள் 70 விழுக்காடு.

கருவி மாறவில்லை, அணிந்தவர்கள் மாறினார்கள், எச்சரிக்கையின் பொருளும் மாறிவிட்டது. 4,19,297 பேர் பங்கேற்ற ஆப்பிள் இதய ஆய்வின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. அவர்களில் 0.52 விழுக்காட்டினருக்கே ஒழுங்கற்ற நாடி என்ற எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கைக்குப் பின் ஈ.சி.ஜி. ஒட்டியை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் கோளாறு பதிவானது. மீதிப் பேருக்கு வந்த எச்சரிக்கைகள் எல்லாம் பொய் என்றும் சொல்ல முடியாது. இந்தக் கோளாறு வந்து வந்து போகும் இயல்புடையது. ஒட்டி அணிந்திருந்த நாள்களில் வராமலும் இருந்திருக்கலாம்.

எச்சரிக்கை வராததை நலச் சான்றாகக் கொள்வது இதைவிடப் பெரிய தவறு. ஆப்பிளின் மூச்சுத்தடை எச்சரிக்கை, தவறாக யாரையும் பயமுறுத்தக் கூடாது என்பதற்கு முன்னுரிமை தந்து வடிவமைக்கப்பட்டது. அதற்கு ஈடாக, மிதமான அளவிலோ அதற்கு மேலோ மூச்சுத்தடை உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரையே அது பிடிக்கிறது.

எண்ணே தூக்கத்தைக் கெடுக்கும்போது

கருவியின் எண்ணை நிறைவாக்க முயன்றே தூக்கத்தை இழப்பவர்களை மருத்துவர்கள் காணத் தொடங்கி, 2017-இல் அதற்கு ஆர்த்தோசோம்னியா என்று பெயரிட்டார்கள். அவர்கள் விவரித்த நோயாளிகளில் ஒருவர், ஆய்வகப் பதிவில் தமக்கு ஆழ்ந்த தூக்கம் இருப்பது தெளிவான பின்னரும், தம் கருவி வேறு மாதிரி சொல்கிறதே என்று கேட்டார். 2018-இல் வெளியான ஒரு சோதனையில், தூக்கமின்மை உள்ளவர்களுக்குக் கருவியின் பெயரில் பொய்யான முடிவுகள் காட்டப்பட்டன. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லப்பட்டவர்கள், நன்றாகத் தூங்கியதாகச் சொல்லப்பட்டவர்களைவிடப் பகலில் அதிகச் சோர்வையும் குறைந்த உற்சாகத்தையும் உணர்ந்தார்கள்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. மதிப்பெண் குறைந்தால் பலரும் அதிக நேரம் படுக்கையில் கிடந்து அதை ஈடுகட்ட நினைக்கிறார்கள். படுக்கையில் விழித்துக் கிடக்கும் நேரம் கூடுகிறது. படுக்கை என்றாலே விழிப்பு என்று உடல் பழகுகிறது. தூக்கம் மேலும் துண்டுபடுகிறது. தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்கு நேர் எதிரானதைச் செய்கிறது: படுக்கை நேரத்தைக் குறைத்துத் தூக்கத்தை அடர்த்தியாக்குகிறது. எனவே தூக்கமின்மை உள்ளவர்கள் இரவில் கருவியைக் கழற்றிவைப்பதே பெரும்பாலும் நல்லது.

எந்த எண்ணை எப்படிப் பயன்படுத்துவது

1. படுத்த நேரமும் எழுந்த நேரமும். இவை அசைவிலிருந்து ஏறக்குறைய நேரடியாகக் கிடைப்பவை, நம்பத்தக்கவை. பிரிட்டனில் அசைவுமானி அணிந்த 60,000-க்கும் மேற்பட்டோரின் பதிவுகளைக் கொண்ட ஓர் ஆய்வு, தூங்கும் நேரத்தின் ஒழுங்கு, தூக்கத்தின் அளவைவிட ஆயுளோடு நெருங்கிய தொடர்புடையதாக இருப்பதைக் கண்டது. ஒழுங்கின்மைதான் ஆயுளைக் குறைத்தது என்று இதனால் நிறுவப்படவில்லை. ஆயினும் கவனிக்கத்தக்க எண் இதுவே.

2. இரவு நேர நாடித்துடிப்பு. வழக்கத்தைவிடப் பல துடிப்புகள் கூடுதலாகச் சில நாள்கள் தொடர்ந்தால் காய்ச்சல், மது, மருந்து மாற்றம், மிகை உழைப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்க்கலாம்.

3. மொத்தத் தூக்க நேரம். இரண்டு மூன்று வாரச் சராசரியாகப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் என்ற பரிந்துரையோடு இதை ஒப்பிடலாம்.

4. தூக்க நிலைகளும் மதிப்பெண்ணும். ஓர் இரவின் எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

தரவைப் பற்றியும் ஒரு குறிப்பு. இந்தப் பதிவுகள் பெரும்பாலும் நிறுவனத்தின் சேமிப்பகத்துக்குச் செல்கின்றன. பெயரை நீக்கிவிட்டால் போதும் என்ற நம்பிக்கை 2018 ஜனவரியில் உடைந்தது: உடற்பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்ற செயலி வெளியிட்ட உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களே ராணுவ முகாம்களின் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுத்தன. இத்தகைய கருவிகளைத் தயாரித்த ஃபிட்பிட் நிறுவனத்தைக் கூகுள் வாங்கியபோது, ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தரவை விளம்பரத்துக்குப் பயன்படுத்துவதில்லை என்று பத்து ஆண்டுகளுக்கு உறுதியளித்த பின்பே ஐரோப்பிய ஆணையம் ஒப்புதல் தந்தது. நிறுவனம் கைமாறினால் தரவும் கைமாறும் என்பதால், கணக்கை நீக்கினால் பழைய பதிவுகளும் அழியுமா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

உரத்த குறட்டை, மூச்சு நின்று நின்று வருவதாக அருகில் படுத்தவர் சொல்வது, திணறி எழுவது, காலையில் தலைவலி, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது ஆகியவை இருந்தால், கடிகாரம் என்ன சொன்னாலும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கடிகாரத்தின் பதிவையும் காட்டலாம். படுக்கை நேரமும் எச்சரிக்கைகள் வந்த நாள்களும் அவருக்குப் பயன்படும்.

அவர் பெரும்பாலும் வீட்டிலேயே ஓர் இரவு செய்யும் சோதனையைப் பரிந்துரைப்பார். அந்தக் கருவிகளில் பலவற்றில் மூளை அலையைப் பதிவு செய்யும் மின்முனைகள் இல்லை; தூங்கிய நேரத்தை அவையும் சரியாக அறியா. ஆயினும் அவற்றை வைத்து மூச்சுத்தடை நோயை உறுதி செய்ய முடிகிறது. கேட்கப்படும் கேள்வி மூச்சைப் பற்றியது. மூக்கில் ஓடும் காற்றையும் நெஞ்சின் அசைவையும் விரலின் ஆக்சிஜனையும் அவை இடையில் ஊகமின்றி நேரடியாக அளக்கின்றன. குறைந்தது 10 விநாடி மூச்சு நிற்பதையும் வெகுவாகக் குறைவதையும் எண்ணி, மணிக்கு 5-க்கு மேல் இருந்தால் லேசானது, 15-க்கு மேல் மிதமானது, 30-க்கு மேல் கடுமையானது என்று வகுக்கிறார்கள். இரவில் மூக்கின் வழியே காற்றழுத்தம் தரும் சி-பாப் கருவி தேவையா, எடைக் குறைப்பும் படுக்கும் நிலை மாற்றமும் போதுமா என்ற முடிவு, அந்த எண்ணையும் நோயாளியின் அறிகுறிகளையும் சேர்த்துப் பார்த்தே எடுக்கப்படுகிறது.